பல்வலிக்கு ஒரு துண்டுப் புகையிலை

1

இது கதையாகப் பிறந்ததல்ல. கட்டுரையாகப் பிறந்து கெட்டுப்போனது. மூலிகைகளைப் பற்றிய ஒரு தொகுப்புக்காகப் புகையிலை குறித்து எழுதிக் கொடுத்திருந்தேன். அட்டை கடித்தால் அதன் சாறு, தலைப்பேனுக்கு ஊறவைத்த நீர், மாட்டின் புழுப்புண்ணுக்கு அரைத்த இலை. கடைசியில், ‘பல்வலிக்குக் கைகண்ட மருந்து’ என்று ஒரு வரி. (கப்பலேறி வந்த செடி மருந்துப்பெட்டிக்குள் எப்படி நுழைந்தது என்று ஒரு பத்தியும் இருந்தது. அழகான பத்தி. போகட்டும்.)

அச்சகத்தில் பிழை திருத்தும் பெண் அந்தக் கடைசி வரியில் விரலை வைத்தபடி நிமிர்ந்தாள்.

“பிழையா?” என்றேன்.

“எழுத்துப்பிழை இல்ல சார். எங்க அக்காவுக்கு இதத்தான் வெச்சாரு மாமா. அவரு நாட்டு வைத்தியரு.”

2

‘வைத்தியர் ஒரு மூடர்; தன் மனைவியையே அவர்—’

அடித்துவிட்டேன். அவர் மூடரல்ல. ஆறாத புண்ணோடு வந்தவர்கள் அவரிடம் ஆற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். மனைவிமேல் உயிரையே வைத்திருந்தார். அவரைக் கொடியவராக்கினால் எனக்குத்தான் வேலை சுலபம்.

இப்படித் தொடங்கலாம்: கல்யாணமான புதிதில் வைத்தியரின் மனைவிக்குக் கடைவாய்ப்பல் வலித்தது. கன்னம் வீங்கி, சுவரில் தலையை முட்டிக்கொண்டாள். வைத்தியர் புகையிலையில் ஒரு துண்டு கிள்ளிப் பல்லோரம் அழுத்தினார். “எச்சிய முழுங்காத, துப்பிடு.” தலை சுற்றியது, குமட்டியது, பிறகு வலி இருந்த இடம் தெரியவில்லை. அன்று அவள் அவரைப் பார்த்த பார்வையை எந்தப் புருஷனும் ஆயுசுக்கும் மறக்கமாட்டான்.

அவரும் மறக்கவில்லை. பல்வலி என்று யார் வந்தாலும், “நம்பிக்கை இல்லைன்னா இவளக் கேளுங்க” என்பார். அவள் கதவருகில் நின்று சிரிப்பாள்.

வலித்தபோது வைத்தது, வலிக்காதபோதும் கன்னத்தில் அடங்கியது. அதில்லாமல் அவளுக்குப் பொழுது விடியாது என்றானது. “மருந்துதானே, இருந்துட்டுப் போகட்டும்” என்றார் வைத்தியர்.*

* ‘விருந்தும் மருந்தும் மூன்று நாள்’ என்பது அவருக்குத் தெரியாததல்ல. நோயாளிகளிடம் வாய் ஓயாமல் சொல்வது அதைத்தான்.

3

கன்னத்தின் உட்புறம் வெள்ளையாக ஒரு திட்டு வந்தது. அவளே விரலால் தடவிக் கண்டுகொண்டாள்.

“என்னங்க, இங்க சொரசொரன்னு இருக்கு.”

வைத்தியர் அவளை ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்தார். “சூடு. வாய்ப்புண்ணு.” கொப்பளிக்கக் கஷாயம் காய்ச்சிக் கொடுத்தார். திட்டு சிவந்தது, பிறகு கெட்டியானது. ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று அவள் கேட்டபோது அவர் கோபப்படவில்லை. தாழ்ந்த குரலில்தான் சொன்னார்:

“வைத்தியன் பொண்டாட்டியே அங்க போய் நின்னா, என்கிட்ட எவன் வருவான்?”

[இந்த இடத்தில் நான் அவரை வெறுக்கிறேன். எழுதுகிறவன் வெறுக்கக் கூடாது என்பார்கள். சொல்கிறவர்களுக்கு என்ன!]

அச்சகத்துப் பெண்தான், அந்தத் தங்கைதான், அக்காவின் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். அறுத்தார்கள். கன்னத்தில் பாதி போயிற்று, நாக்கில் ஒரு பங்கு போயிற்று. ஆஸ்பத்திரி நடைக்கூடத்தில் வைத்தியர் குலுங்கிக் குலுங்கி அழுதார். வீட்டுக்கு வந்தபின் பாலை ஆற்றி ஸ்பூனில் ஊட்டினார்; வாயோரம் வழிந்ததைத் தன் துண்டால் துடைத்தார். அவள் பேச்சு குழறியது. தனக்கு மட்டும் புரிகிறது என்றார். “தண்ணி கேக்கறா.” “கதவச் சாத்தச் சொல்றா.” அவளுக்கு வாய் அவர்தான்.

“சில நேரம் அக்கா, ‘அது இல்ல’ன்னு தலைய ஆட்டுவா சார்,” என்றாள் தங்கை. “மாமா அந்தப் பக்கமே பாக்கமாட்டாரு.”

4

தங்கை அங்கே இருந்த ஒரு முற்பகல், தையல்காரப் பெண் ஒருத்தி தாடையைத் துணியால் கட்டிக்கொண்டு வந்தாள்.

“கடைவாய்ப்பல்லுங்க. உயிர் போகுது.”

வைத்தியரின் கை பழக்கத்தில் புகையிலை ஜாடிக்குப் போனது. ஒரு துண்டு கிள்ளினார். வாயும் பழக்கத்தில் சொல்லிவிட்டது: “நொடில பறந்துடும். நம்பிக்கை இல்லைன்னா இவளக் கேளுங்க.”

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. முந்தானையால் வாயை மூடி மூலையில் உட்கார்ந்திருந்த மனைவி முந்தானையை இறக்கினாள். தையல்காரப் பெண்ணைப் பார்த்துப் பேசினாள். ஒரு சொல்லல்ல, நீளமாக, மூச்சு வாங்க, ஒரு முழு வாக்கியம்.

“என்ன சொல்றாங்க?”

வைத்தியர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

“வலி போயிடுச்சுன்னு சொல்றா.”

5

அக்கா உண்மையில் என்ன சொன்னாள் என்று தங்கையைக் கேட்டேன்.

“எனக்கும் புரியல சார். ஆனா அது இல்ல.”

ஆக, முடிவு என் கையில். அவள் ஜாடியைப் போட்டு உடைக்கலாம்: கைதட்டல் எனக்குக் கிடைக்கும், அவளுக்கு ஒன்றும் கிடைக்காது. வைத்தியர் அவள் காலில் விழலாம்: எழுதிப் பார்த்தேன், அதிலும் அவர்தான் பேசிக்கொண்டே இருக்கிறார். அந்த வாக்கியத்தை நானே எழுதிவிடலாம். கைவசம் ஒன்று இருக்கிறது. படித்தால் உங்களுக்குக் கண் கலங்கும். ஆனால் அவளுக்காகப் பேச இன்னொரு ஆண்பிள்ளை கிளம்பிவிட்டான் என்றுதான் ஆகும்.

தங்கை கடைசியாகப் பார்த்தது இவ்வளவுதான். தையல்காரப் பெண் தாடைக்கட்டை அவிழ்த்தாள். மனைவியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“எனக்குச் சரியா வெளங்கலம்மா. இன்னொரு தடவ சொல்லுங்க.”

“அவளச் சிரமப்படுத்தாதீங்க,” என்றார் வைத்தியர்.

நான் விலகிக்கொள்கிறேன். தையல்காரப் பெண்ணின் இடத்தில் இப்போது நீங்கள் உட்காருங்கள். பல் விண்விண்ணென்று தெறிக்கிறது. இலை எட்டுகிற தூரத்தில் இருக்கிறது. அவள் சொல்லத் தொடங்கிவிட்டாள்.