லயம் கூடாது

2006. பதுளை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மேல்மாடியில் எங்கள் சின்னக் கம்பியூட்டர் கம்பெனி. ஆசிரியப் பயிற்சிக்கு வந்த விண்ணப்பங்களைச் சலித்து, ஐந்து மணிக்குள் கொழும்புக்குப் பட்டியல் அனுப்ப வேண்டும். நாலு இருபதுக்குப் பார்க்கிறேன், என் தங்கச்சி செசிலியின் பெயர் அதில் இல்லை.

சலிக்கும் நிரல் நான் எழுதியது. பெயர், பிறந்த திகதி, முகவரி என்று ஒவ்வொரு விவரத்தையும் வைக்கும் புரொபர்ட்டியின் தலைக்கு மேலும் ‘கட்டாயம்’, ‘இத்தனை எழுத்துக்குள்’ என்று ஒரு அட்ரிபியூட் இருக்கும், மருந்துப் போத்தலில் ஒட்டிய துண்டு மாதிரி. நிரல் ஓடும்போதே ரிப்ளெக்ஷன் வழியாக அந்தத் துண்டுகளைத் தானே வாசித்து, அதன்படி சோதிக்கும். எதை ஒட்டினாலும் கேள்வி கேட்காது. அதில் எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா!

முகவரியின் மேல் என்னென்ன ஒட்டியிருக்கிறது என்று நிரலிடமே கேட்டேன். மூன்று வந்தன. இரண்டு என்னுடையவை. மூன்றாவது, ‘லயம் கூடாது’. முகவரியில் லயம், அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடு, என்று இருந்த நாற்பத்தொரு பேரை அது தள்ளியிருந்தது. அதை எழுதியவன் என்னோடு வேலை செய்யும் றொமேஷ்.

லுணுகலைப் பக்கம் எங்கள் லயத்திலேயே நாலாவது காம்பராவில் பிறந்தவன். மத்தியானத்தில் அவன் ரொட்டியில் பாதி எனக்கு, என் சம்பலில் பாதி அவனுக்கு.

“என்னடா இது?”

“கொழும்புல சொன்னாங்க ஜெசீகா. லயத்து அட்ரசுக்குப் போற லெட்டர் தோட்டத்து ஆபீஸ்லயே கெடக்குதாம். காலையில வேலைக்குப் பெரட்டுல பேரு கூப்புடுறப்ப ஆளு இல்லாட்டி திரும்பி வந்துடுதாம்.”

“எழுத்துல குடுத்தாங்களா?”

“இல்ல. போன்ல ஒருத்தர் சொன்னாரு.”

கடிதம் கிடக்கிறது என்பது உண்மைதான். அதற்காக நாற்பத்தொரு பிள்ளைகளைத் தூக்கி எறிவதா? சட்டென்று ஒரு சந்தேகம் வந்து, அவன் தங்கச்சி ஸ்டெல்லாவைத் தேடினேன். பட்டியலில் இருந்தாள். முகவரி, பதுளையில் றொமேஷ் தங்கியிருக்கும் போர்டிங்.

“ஸ்டெல்லா எப்போடா உன் போர்டிங்குக்குக் குடி வந்தா?”

“அப்ளிகேஷன் போட்டப்பதான்” என்றான்.

“அடப்பாவி! எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா செசிலியும் அதையே போட்டிருப்பாளே!”

“சொன்னா நீ அந்த வரியையே தூக்கிடுவேன்னு தெரியும்.”

வேறு எவனாவது செய்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டுப் போயிருப்பேன். இவன் என் தங்கச்சியை நான் எழுதிய நிரலை வைத்தே வெளியே தள்ளியிருக்கிறான்.

“தெரியும்ல? நல்லதாப் போச்சு” என்று சொல்லி அந்த வரியை அழித்தேன். மறுபடி ஓட்டினேன். நாற்பத்தொரு பேரும் பட்டியலில் ஏறினார்கள். ஐந்துக்கு எட்டு நிமிடம் இருக்க அனுப்பிவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் றொமேஷ் ஒன்றுமே நடக்காதவன் மாதிரி ரொட்டியைப் பிய்த்து, பாதியை என் பக்கம் தள்ளினான்.

“ஸ்டெல்லாவுக்குக் குடு” என்றேன். “ஒன் போர்டிங்லதானே இருக்கா.”