துவைக்காத ஸ்வெட்டர்

பீரோவிலிருந்து அந்த ஸ்வெட்டரை எடுக்கும்போதே மூத்தவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. கழுத்துப்பட்டி பிசுக்கேறி, மடக்கினால் மடங்காமல் விறைத்து நின்றது. மார்பில் குழம்பு காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. அக்குளில் மஞ்சளா பழுப்பா என்று சொல்ல முடியாத இரண்டு வட்டங்கள்.

அப்பா போன பிறகு அதைத் துவைக்கவே கூடாது என்று சொன்னவன் தம்பி. துவைத்தால் அப்பா வாசனை போய்விடுமாம். இத்தனைக்கும் அப்பா சலவைக்கடை வைத்திருந்தவர். கடைக்கு வரும் துணியை முதலில் முகர்ந்து பார்ப்பார். மழையில் நனைந்ததை அப்படியே மடித்து வைத்துவிட்டீர்களே என்பார். வந்தவர் அசடு வழிவார்.

அதுவே வீட்டில் விளையாட்டாகிவிட்டது. அவர் பிறந்தநாளில் எல்லோரும் கூடிச் சீட்டாடுவார்கள். கடைசியில் சீட்டோடு நின்று தோற்றுக் கழுதையானவர் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, அப்பா குரலில் பேசி, ஒவ்வொருவர் கழுத்தாக முகர்ந்து குற்றம் கண்டுபிடிக்க வேண்டும். சாப்பாடு முடியும்வரை கழற்றக் கூடாது.

மூத்தவள் ஒரு தடவைகூடத் தோற்றதில்லை. ஆட்டத்தில் கெட்டிக்காரி என்று மற்றவர்கள் நினைத்தார்கள். அவளுக்கோ பயம். அத்தனை அழுக்குக்கும் அடியில் எங்கேயோ அப்பா மிச்சமிருக்கிறார் என்று நம்பிக்கொண்டிருந்தாள். முகர்ந்து பார்த்து, இல்லையென்று ஆகிவிட்டால்?

தங்கையின் கணவர் ஸ்வெட்டரைப் போட்டால் ஒரே கூத்துதான். மூக்கை உறிஞ்சி, குரலைக் கரகரப்பாக்கி, வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடப்பார். அப்பாவுக்குக் கரகரப்பே கிடையாது. ஆனாலும் இப்போதெல்லாம் அப்பா குரலை நினைத்தால் அந்தக் கரகரப்புதான் முந்திக்கொண்டு வந்தது. வாந்திக்கு முன்னால் வாயில் எச்சில் ஊறுமே, அப்படி ஊறும் அவளுக்கு.

இந்த வருடம் வந்ததெல்லாம் விளங்காத சீட்டு. கடைசியில் கையில் சீட்டோடு உட்கார்ந்திருந்தவள் அவள்தான்.

"மாட்டுனியா அக்கா," என்றான் தம்பி. "இத்தன வருஷம் எங்கள கழுதையாக்குனல்ல."

கண்ணை மூடித் தலையை நுழைத்தாள். அடுத்தவர் வேர்வை காய்ந்த கம்பளி கன்னத்தில் உரசி இறங்கியது. தங்கையின் கணவர் சிரித்தபடி கழுத்தை நீட்டினார். அவள் அவர் பக்கமே போகவில்லை. தான் போட்டிருந்ததன் கழுத்துப்பட்டியை மூக்குக்கு இழுத்து, மூச்சை ஆழமாக வாங்கினாள்.

இன்னொரு முறையும் வாங்கினாள். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக அடங்கினார்கள்.

"சிகரெட்டு, மாப்பிள்ளையோடது," என்றாள். "அப்புறம் இவன் தலையெண்ணெய். சின்னவளோட சென்ட்டு. எல்லாத்துக்கும் மேல ஊசிப்போன குழம்பு."

"அப்பா?" என்றான் தம்பி.

"இல்லடா."

தட்டு வைத்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"அவர் இப்படித்தான் சொல்லுவார்," என்றாள். "சத்தமே போடாம."

மூத்தவள் அங்கேயே ஸ்வெட்டரைக் கழற்றிக் குளியலறைக்கு எடுத்துப்போனாள். சாப்பிடும் முன் கழற்றுவது ஆட்டத்தில் இல்லை என்று தம்பி பின்னாலேயே வந்தான். துவைத்துவிட்டால் அப்புறம் என்ன இருக்கிறது என்று கேட்டான். கேட்டவன் கண் கலங்கியிருந்தது. அவள் குழாயைத் திறந்து, வாளியில் முக்கினாள்.

தண்ணீர் டீ நிறத்துக்கு மாறி, பிறகு சாக்கடையாயிற்று. கொழுப்பு திட்டுத்திட்டாக மிதந்தது. அம்மா வந்து, கம்பளிக்கு வெந்நீர் ஆகாது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

கசக்கும்போது விரலில் ஒரு நரைமுடி ஒட்டியது. அப்பாவுடையதோ? தம்பிக்கும் இப்போது நரைக்கத் தொடங்கிவிட்டது. மாப்பிள்ளைக்கு எப்போதோ நரைத்துவிட்டது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், மூக்கருகே கொண்டுபோகவில்லை. அழுக்குத் தண்ணீரோடு அதையும் கொட்டிவிட்டு மறுபடி குழாயைத் திறந்தாள்.