எங்க ஊர் சைகை

கயல்விழிக்கு விருது கிடைத்த செய்தியைத் தலைமையாசிரியர் சாரங்கபாணி காலைக் கூட்டத்தில் மைக்கில் அறிவித்தார். பிள்ளைகள் கைதட்டினார்கள். மத்தியானம் ஆசிரியர் அறையில் கேக் வெட்டினார்கள். கேக் தீர்ந்ததும் அவரவர் வகுப்புக்குப் போய்விட்டார்கள். கயல்விழி கத்தியைக் கழுவி வைத்துவிட்டு, கிரீம் ஒட்டிய அட்டையை மடித்துக் குப்பையில் போட்டாள். இந்தச் செய்தியை முதலில் சொல்ல வேண்டியவள் ஒருத்தி உண்டு. அவள் திருப்பூரில் இருந்தாள்.

கீழ்வேளூருக்குத் தெற்கே உள்ள அந்த அரசு உயர்நிலைப் பள்ளியில் கயல்விழி அறிவியல் ஆசிரியை. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. கல்யாணம் தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் அந்தப் பேச்சையே யாரும் எடுப்பதில்லை என்றாகிவிட்டது. அப்பா மருதையன் கூலிக்கு அறுப்பு அறுத்து அவளைப் படிக்கவைத்தவர். அவர் போய்ப் பல வருடம் ஆகிறது. நான்கு வருடத்துக்கு முன் அம்மாவும் போனபிறகு, கீழ்வேளூர் கடைத்தெருவில் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தாள். தம்பி பரிதி குவைத்தில். பள்ளி விட்டு வந்தால் மறுநாள் காலை பஸ்ஸில் டிக்கெட் கேட்கும்வரை அவள் வாய் திறக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது.

இலக்கியா ஆறாம் வகுப்பில் வந்து சேர்ந்தபோது அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது என்பது வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. காது கேளாதோர் விடுதிப் பள்ளியில் விட அவள் அம்மாவுக்கு மனம் வரவில்லை. பலகையில் இருப்பதை முத்து முத்தாக எழுதிக்கொள்வாள். எழுதியதில் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் கயல்விழி யூடியூபில் சைகை மொழி வகுப்பு ஒன்றைத் தேடி எடுத்து, கண்ணாடி முன் நின்று பழக ஆரம்பித்தாள். பிறகு ஸ்மார்ட் கிளாஸுக்கென்று வந்து உறை பிரிக்காமல் கிடந்த புரொஜெக்டரை இறக்கினாள். பாடங்களைத் தன் போனில் படம் பிடித்தாள். கீழே எழுத்து ஓடும். மூலையில் ஒரு வட்டத்துக்குள் அவள் கைகள் சைகை செய்யும்.

சாயங்காலம் எல்லோரும் போனபின் ஆய்வுக்கூடத்தில்தான் படப்பிடிப்பு. போனுக்குப் பின்னால் இலக்கியா நிற்பாள். புரியாவிட்டால் மூக்கைச் சுருக்குவாள். மறுபடி எடுக்க வேண்டும். யூடியூபில் கிடைக்காத சொற்களுக்கு இருவருமாகச் சேர்ந்து சைகை உண்டாக்கினார்கள். மதகுக்கு, ஒரு மணிக்கட்டின் மேல் மறு கையைக் கதவுபோல் தூக்க வேண்டும். நாற்றங்காலுக்கு, பத்து விரலும் நெருங்கி நின்று காற்றில் அசையும். ஒளிச்சேர்க்கைக்கு, உள்ளங்கையை வெயிலில் காட்டி அப்படியே வாய்க்குக் கொண்டுபோவது. அது இலக்கியாவின் யோசனை. அதைச் செய்துகாட்டிவிட்டு, வயிறு நிறைந்ததுபோல் ஏப்பமும் விட்டாள். பாடத்தில் தொடங்கிய பேச்சு எங்கெங்கோ போகும். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் கயல்விழி மனம் விட்டுப் பேசியது அந்தப் பெண்ணிடம் மட்டும்தான், கையால்.

பத்தாவது முடித்து, வேறு பள்ளியில் பன்னிரண்டும் முடித்து, இலக்கியா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போனாள். அந்தப் பாடங்கள் மாவட்டம் முழுக்கப் பரவியது அதன்பிறகுதான். பள்ளிகளில் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தும் ஆசிரியர்களுக்கு ஓர் அறக்கட்டளை தரும் விருது இப்போது வந்திருந்தது.

விழா தஞ்சாவூரில். குடும்பத்தினர் இருவரை அழைத்து வரலாம் என்று அழைப்பிதழில் போட்டிருந்தது.

தம்பிக்குப் போன் செய்தாள். "சூப்பர்க்கா! போட்டோ அனுப்புக்கா, ஸ்டேட்டஸ் வைக்கிறேன்" என்றான்.

தலைமையாசிரியரைக் கேட்டாள். "வரணும்னுதான் ஆசைம்மா. அன்னிக்குன்னு பாத்து மீட்டிங் போட்டுட்டாங்க."

இலக்கியாவுக்கு வாட்ஸப்பில் எழுதினாள். பூக்களும் கைதட்டல்களுமாகப் பதில் வந்தது. கடைசியில், 'லீவு இல்ல டீச்சர்.' அவள் அம்மாவிடம் கேட்டபோது, "நடவு ஓடிக்கிட்டிருக்கு டீச்சர். சேத்துல எறங்குனா பொழுது சாயத்தான் கரையேறுறோம். நா வந்து அங்க என்ன பண்ணப்போறேன்? நீங்க நல்லபடியா போயிட்டு வாங்க" என்றாள்.

தனியாக ரயிலேறிப் போனாள். அரங்கத்தில் அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் இரண்டு நாற்காலிகளின் முதுகில், 'கயல்விழி – குடும்பத்தினர்' என்று தாள் ஒட்டியிருந்தது. ஒருவர் வந்து, "மேடம், இங்க யாராச்சும் வர்றாங்களா?" என்றார்.

"வரல. எடுத்துக்கோங்க."

பாபநாசத்திலிருந்து வந்திருந்த ஒரு வாத்தியாரின் மாமனார் மாமியாருக்கு அந்த நாற்காலிகள் போயின.

அவள் முறை வந்தபோது திரையில் ஒளிச்சேர்க்கைப் பாடத்தை ஓட்டினார்கள். காது கேளாத பிள்ளைகள் சிலரை முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். மேடை ஓரத்தில் கறுப்புச் சட்டை போட்ட ஒரு சைகை மொழிபெயர்ப்பாளர் நின்றார். அந்தப் பிள்ளைகளைப் பார்த்ததும் கயல்விழிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. எழுதி வைத்திருந்த நன்றியுரையை விட்டுவிட்டு, மைக்கிலிருந்து விலகி நின்று கையால் பேசினாள். செடி எப்படிச் சாப்பிடுகிறது என்று சொன்னாள். உள்ளங்கையை மேலே காட்டி வாய்க்குக் கொண்டுபோனாள்.

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பெண் எழுந்து மொழிபெயர்ப்பாளரிடம் கையை அசைத்து ஏதோ கேட்டாள். அவர் மேடையேறி வந்து மெதுவாகச் சொன்னார்.

"மேடம், பாதி சைகை இவங்களுக்குப் புரியலயாம். எந்த ஊர் சைகைன்னு கேக்குறா."

"எங்க ஊர்" என்றாள் கயல்விழி.

அவர் சிரித்தார். அரங்கத்துக்கு விஷயம் தெரியாது, பலமாகக் கைதட்டியது.

ஞாயிற்றுக்கிழமை இலக்கியாவே வீடியோ காலில் வந்தாள். முகம் பூரித்திருந்தது. பின்னால் விடுதிக் கட்டிலில் இரண்டு பெண்கள். அவர்களுக்கும் காது கேட்காது. விருதுக் கேடயத்தைக் காட்டச் சொன்னாள். பார்த்துவிட்டு என்னவோ சொன்னாள். கைகள் பறந்தன. கயல்விழிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மறுபடி சொல் என்று காட்டினாள். மறுபடியும் புரியவில்லை. பின்னாலிருந்தவள் ஏதோ செய்துகாட்ட, மூவரும் குலுங்கிச் சிரித்தார்கள்.

பிறகு இலக்கியா நிதானித்தாள். ஒவ்வொரு சைகையாக, ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குச் செய்வதுபோல் பிரித்துப் பிரித்துச் செய்தாள். கம்பெனியில் என்னைப் போல நிறையப் பேர். ராத்திரியெல்லாம் பேசுவோம். லைட்டை அணைத்தால்தான் பேச்சு நிற்கும்.

நாம் செய்த சைகையெல்லாம் ஞாபகம் இருக்கிறதா என்று கயல்விழி கேட்டாள்.

இலக்கியா கையால் சொல்லவில்லை, டைப் அடித்தாள். 'இருக்கு டீச்சர். இங்க யாருக்கும் புரியல. சிரிச்சாங்க. அதான் விட்டுட்டேன்.' சற்றுக் கழித்து, 'உங்களுக்கு நான் புதுசு சொல்லித்தரவா?'

கயல்விழி தலையாட்டினாள். அதற்குள் யாரோ லைட்டை அணைத்துப் போட்டுச் சாப்பிடக் கூப்பிட்டார்கள் போலிருக்கிறது. மூவரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். இலக்கியா அவசரமாகக் கையசைத்தாள். திரை இருண்டது.

கயல்விழி போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண் இனிமேல் ஒரு வகுப்புக்குள் ஊமையாக உட்கார வேண்டியதில்லை. இதற்குத்தானே அத்தனை சாயங்காலமும். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் மதகு திறந்ததையும் நாற்று அசைந்ததையும் கையில் சொன்னால் புரிந்துகொள்ள இனி யாருமில்லை என்பதும் அதே மூச்சில் உறைத்தது. தெருவில் லாரி ஒன்று போனது. எழுந்து சோறு வைத்தாள்.

அடுத்த வாரம் சாயங்காலம் ஆய்வுக்கூடத்தைத் திறந்து, ஒளிச்சேர்க்கைப் பாடத்தை மறுபடி எடுத்தாள். தஞ்சாவூரில் எழுந்து நின்ற அந்தப் பெண்ணுக்குப் புரிய வேண்டுமே. மொழிபெயர்ப்பாளரிடம் கேட்டு வாங்கிய சைகையைப் பலமுறை பழகியிருந்தாள். புத்தக அடுக்கின் மேல் போனைச் சாய்த்து வைத்தாள். பதிவாகிறதா என்று பார்க்க, ஒவ்வொரு தடவையும் நடந்துபோய்த் திரும்பி வந்தாள். பழைய சைகை வருமிடத்தில் கை தானாக வாய்க்குப் போனது. நிறுத்தி, அழித்து, முதலிலிருந்து தொடங்கினாள்.

ஒருவழியாக முடித்து இலக்கியாவுக்கு அனுப்பினாள். பஸ்ஸுக்கு நின்றபோது பதில் வந்தது: 'கரெக்டா இருக்கு டீச்சர்.' பஸ்ஸும் வந்தது. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நடவு முடிந்த வயல்களைப் பார்த்துக்கொண்டு, அடுத்து எடுக்க வேண்டியது மதகு வருகிற பாசனப் பாடம் என்று நினைத்துக்கொண்டாள்.