லாக்லன் இடுப்பில் எட்டு கஜம்

1

கதவை யாரோ முழங்காலால் இடித்தார்கள். கையால் தட்டுகிற சத்தம் வேறு, இது வேறு. ஜனவரி ஒன்று, காலை பத்தரை மணி. ஸ்காட்லாந்தின் ஓபன் ஊரே போர்வைக்குள் கிடந்தது. திறந்தால், பக்கத்து வீட்டு லாக்லன். மேலே வெள்ளைச் சட்டை, டை, வெள்ளிப் பொத்தான் வைத்த கறுப்புக் கோட்டு. கீழே பைஜாமா. ஒரு கையில் கில்ட் (இந்த ஊர் ஆம்பளைகள் விசேஷத்துக்குச் சுற்றிக்கொள்ளும் கட்டம்போட்ட மடிப்புப் பாவாடை), இன்னொரு கையில் சாம்பல் நிறப் பேன்ட்.

“யாஷ், எதப் போடட்டும்? சீக்கிரம் சொல்லு. ஒரு மணிக்கு மாமனார் வீட்ல இருக்கணும்.”

இந்தக் கதை பிறந்தது அங்கேதான், ஒளிக்க ஒன்றுமில்லை. நான் ஒரு பதில் சொன்னேன். அவன் அதன்படி உடுத்திக்கொண்டு கிளம்பிவிட்டான். இப்போது மணி பன்னிரண்டரை. அவன் கார் மாமனார் ஊரான டால்மலியை நெருங்கிக்கொண்டிருக்கும். நான் சொன்னது சரியா, தப்பா? சமையலறைக்கும் ஜன்னலுக்கும் பத்து தடவை நடந்துவிட்டேன். எழுதினாலாவது கால் ஒரு இடத்தில் நிற்கும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: ‘மலைச்சரிவுகளில் வெண்பனி முத்துமுத்தாக’

(அடித்துவிட்டேன். வெளியே மழை பெய்கிறது. நேற்றும் மழைதான்.)

இரண்டாவது தொடக்கம்: ‘லாக்லனுக்குச் சொந்தமாக ஒரு கட்டம் கிடையாது.’

இது தேறும். மேலே போகிறேன்.

லாக்லனுக்குச் சொந்தமாக ஒரு கட்டம் கிடையாது. மற்றவர்களுக்கெல்லாம் குடும்பப் பெயரோடு சேர்ந்து, இன்ன நிறத்தில் இன்ன கோடு என்று ஒரு துணி வந்துவிடும். இவனுடைய அப்பா இங்கிலாந்துப் பக்கத்து நியூகாசில்காரர். இவனுக்கு நாலு வயதானபோது கிளம்பிப்போனவர், ஒரு பெயரை மட்டும் விட்டுவைத்தார். அந்தப் பெயருக்குத் துணி இல்லை.

பதினாறு வருடங்களுக்கு முன்னால், கல்யாணத்துக்காக வாடகைக் கில்ட் தேடிக்கொண்டிருந்தவனை மாமனார் மர்டோ தையல்காரரிடம் இழுத்துக்கொண்டு போனார். பச்சையில் மெல்லிய சிவப்புக் கோடு ஓடும் தங்கள் குடும்பக் கட்டத்தில் எட்டு கஜம் வெட்டச் சொன்னார்.

“ஒரு நாள் கூத்துக்கு எதுக்கு மர்டோ இவ்வளவு செலவு?”

“ஒரு நாளா? அப்ப என் பொண்ண எத்தன நாளைக்குக் கட்டிக்கப்போற?”

அன்றிலிருந்து ஒவ்வொரு புத்தாண்டு மதியமும் லாக்லன் அதை இடுப்பில் சுற்றிக்கொண்டுதான் அந்த வீட்டுக்குப் போகிறான். மேஜையில் மர்டோவுக்கு வலப்பக்க நாற்காலி அவனுடையது. மாவுக்குள் மாட்டிறைச்சி வைத்துச் சுட்ட ‘பை’ பண்டத்தில் முதல் துண்டு அவனுக்கு. அவனுக்கு வாய்த்த ஒரே அப்பா மர்டோதான்.*

* குறிப்பு: கில்ட்டின் முன்பக்க ஊசியை மேல்மடிப்பில் மட்டும் குத்த வேண்டும். முதல் வருடம் இவன் இரண்டு மடிப்பையும் சேர்த்துக் குத்திக்கொண்டு போய், உட்கார்ந்த வேகத்தில் டர்ரென்று கிழித்துக்கொண்டான். மைத்துனன் யூவன் இன்றுவரை, “மெதுவா உக்காருப்பா, காது வலிக்குது” என்பான். இதைக் கதைக்குள் சேர்க்க இடம் கிடைக்கவில்லை, விடவும் மனமில்லை.

3

இனி சிக்கல்.

அக்டோபரில் மர்டோவின் மகள் ஷோனா லாக்லனை விட்டுப் போய்விட்டாள். கிளாஸ்கோவில் புது வேலை என்பது அவள் வீட்டாருக்குச் சொன்ன கதை. சண்டை இல்லை, மூன்றாவது ஆள் இல்லை. (இருந்தால் எழுத எனக்கு வசதியாக இருந்திருக்கும்.) ஜனவரி இருபதில் மர்டோவுக்கு எண்பது முடிகிறது, அதுவரை மூச்சுவிடுவதில்லை என்று இருவரும் பேசிவைத்துக்கொண்டார்கள். கிறிஸ்துமஸிலிருந்து அவள் டால்மலியில் இருக்கிறாள். இன்று இவனும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்க வேண்டும்.

“பேன்ட்ல போனா கதவத் திறக்கும்போதே தெரிஞ்சிரும் யாஷ். புத்தாண்டு அன்னிக்கு அந்த வீட்ல பேன்ட் போட்ட ஆம்பளய யாரும் பாத்ததே இல்ல.”

“அப்ப கில்ட்டக் கட்டு.”

“அது அவங்க துணி. பொண்ணோட வாழ முடியல, அப்பன் குடுத்த துணிய மட்டும் கட்டிக்கிட்டு அவர் பக்கத்துல உக்காந்து பை திங்கவா?”

“ஷோனா என்ன சொல்றா?”

“‘உன் இடுப்பு, உன் இஷ்டம்’கிறா.”

அவன் என் வரவேற்பறையில் இரண்டு துணிகளையும் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் நடந்தான். பிறகு சுவரைப் பார்த்துச் சொன்னான்:

“ஷோனா போனது வலிக்குது. இல்லங்கல. ஆனா மர்டோவும் போயிருவாரேன்னுதான் ராத்திரி முழுக்க உக்காந்திருக்கேன்.”

[இந்த இடத்தில் என் பாத்திரத்தின் மேலேயே எனக்குச் சந்தேகம். மனைவியைவிட மாமனாருக்காகக் கலங்குகிற மனிதனை நீங்கள் நம்புவீர்களா? நான் நம்பினேன், ஆனால் நான் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.]

“கில்ட்டோட போ” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதுதான் இப்போது உறுத்துகிறது. அவன் நன்மைக்கா? அல்லது வாராவாரம் தொடர்கதை எழுதிப் பழகிய புத்தி, கதவு திறக்கிற காட்சியில் கொஞ்சம் பரபரப்பு இருக்கட்டும் என்று சொல்லவைத்ததா? பேன்ட்டில் போனவன் கதவடியிலேயே அகப்பட்டுக்கொள்வான். கதை ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். இது என் மண்டையில் ஓடவே இல்லை என்று சத்தியம் செய்ய முடியவில்லை.

4

மணி ஒன்று. கதவைத் திறந்திருப்பார்கள். முடிவுகளை எழுதிப் பார்க்கிறேன்.

முடிவு அ: மர்டோ பச்சைக் கில்ட்டில் வந்து கட்டிப்பிடிக்கிறார். இவன் கில்ட்டைப் பார்த்துத் தலையசைக்கிறார். பை வெட்டுகிறார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. லாக்லன் ஒவ்வொரு வாயையும் தண்ணீர் ஊற்றி விழுங்குகி

(போதும். இதில் பயம் அப்படியே இருக்கிறது; இருபதாம் தேதிக்குத் தள்ளிவைத்ததுதான் மிச்சம்.)

முடிவு ஆ: விஸ்கி வேகத்தில் யூவன் ஏதோ கேலி செய்கிறான். ஷோனா அழுதுகொண்டே உண்மையைக் கொட்டிவிடுகிறாள். மர்டோ எழுந்து, “என் துணியக் கழட்டுடா!” என்று கர்ஜிக்கிறார்.

(கர்ஜிக்கிறாராம்! மர்டோ குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. தவிர, கில்ட்டைக் கழற்றினால் அடியில் என்ன என்று வேறு எழுதியாக வேண்டும். நீக்கம்.)

முடிவு இ: லாக் ஆவ் ஏரிக்கரையில் காரை ஓரங்கட்டி, பின்சீட்டில் மறைத்துவைத்திருந்த பேன்ட்டை எடுத்து, ஒரு காலை உள்ளே

5

மேலே உள்ள வாக்கியம் நின்றதற்குக் காரணம், போன் அடித்தது. லாக்லன். கிசுகிசுப்பான குரல், சுவரில் பட்டு எதிரொலித்தது.

“யாஷ், அவங்க வீட்டுக் குளியலறையில இருக்கேன்.”

“என்னாச்சு? எதப் போட்டிருக்க?”

“கில்ட்தான். நீதானே கட்டச் சொன்ன! கதவத் திறந்தா மர்டோ பேன்ட்ல நிக்கிறார்!”

“யாரு?”

“மர்டோ! பழுப்பு கலர் பேன்ட். இஸ்திரி மடிப்புகூட கலையல. பின்னாடி யூவன், அவனும் பேன்ட். இந்த வீட்ல இன்னிக்குக் கில்ட் கட்டுனவன் நான் ஒருத்தன்தான். எல்லாரும் என் முழங்காலையே பாக்குறாங்க.”

“அவர் ஒண்ணும் சொல்லலையா?”

“என்னப் பாத்ததும் காது வரைக்கும் செவந்துபோச்சு. யூவன்தான், ‘போச்சுப்பா உங்க திட்டம்’னு சிரிச்சான். ஷோனா அவன் கால மிதிச்சா. நான் கோட்டக்கூடக் கழட்டாம இங்க ஓடி வந்துட்டேன். என்ன திட்டம் யாஷ்? இனிமே நான் அவங்க துணியக் கட்டக் கூடாதுன்னு ஜாடையாச் சொல்றாங்களா?”

 மூன்று முடிவு எழுதினேன். மர்டோ வந்த இடத்திலெல்லாம் அவருக்கு நானே கில்ட்டைக் கட்டி நிற்கவைத்திருந்தேன். வந்தவன் என்ன செய்வான் என்று மண்டையை உடைத்துக்கொண்டேனே தவிர, வீட்டுக்காரர் காலையில் எழுந்து அலமாரி முன்னால் என்ன செய்திருப்பார் என்று ஒரு வரிகூட யோசிக்கவில்லை.

அப்போது அந்தப் பக்கம் கதவு தட்டுகிற சத்தம். விரல் முட்டியால், மெதுவாக. லாக்லன் போனை அணைக்க மறந்துவிட்டான், நானும் வைக்கவில்லை.

அடுத்த நிமிடம் தொடர்பு அறுந்தது. அவன் தாழ்ப்பாளை நீக்கினானா, என்ன பதில் சொன்னான், அடுத்த புத்தாண்டுக்கு அந்த வீட்டில் யார் எதை உடுத்தப்போகிறார்கள் என்பதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. என் ஊகங்களின் லட்சணத்தைத்தான் பார்த்தீர்களே. அதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கதவுக்கு வெளியிலிருந்து மர்டோவின் குரலில் நான் கேட்டதை மட்டும் ஒரு எழுத்து மாற்றாமல் தருகிறேன்:

“லாக்லன்... ஷோனா எங்கிட்ட நவம்பர்லயே சொல்லிட்டாப்பா. நீ பேன்ட்லதான் வருவேன்னு நெனச்சோம். மேஜைல நீ மட்டும் வேத்தாளாத் தெரியக் கூடாதேன்னுதான் நாங்களும் இந்தக் கருமத்தப் போட்டோம்.”