அரை சுரம் தள்ளி

இரண்டாம் மாடித் தையல்காரியின் வீட்டுக் கூரையில் லிஃப்ட்காரரின் கால்விரல்கள் வெளியே வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு. முதலில் வலது கட்டைவிரல், கொஞ்ச நேரம் கழித்து மற்றவை. தையல்காரி ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள், மிஷினை நிறுத்தினாள், நாற்காலியில் ஏறி நின்று இஞ்ச் டேப்பால் அளந்தாள். பிறகு ஒரு மாடி ஏறிப் போய்க் கதவைத் தட்டி, "அக்கா, அண்ணன் எங்க வீட்டுக்கு முக்கால் இஞ்ச் வந்திருக்காரு. நகம் மட்டும் கொஞ்சம் வெட்டிவிட்டீங்கன்னா தேவலை" என்றாள்.

பன்னிரண்டு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் இருபத்திரண்டு வருடம் லிஃப்ட் ஓட்டியவர் அவர். ஊரில் பாதிப் பேரை அவர்தான் மேலே ஏற்றியிருக்கிறார். ஒரு நாள் அந்த லிஃப்டைக் கழற்றிவிட்டு, ஏறுகிறவர்களே பட்டனை அழுத்திக்கொள்ளும் புது லிஃப்டை மாட்டினார்கள். அவருக்கு ஒரு சுவர்க் கடிகாரமும் ஒரு கைகுலுக்கலும் கிடைத்தன. தன் வீடு இருந்த நான்கு மாடிக் கட்டடத்தில் லிஃப்டே கிடையாது என்பதால், கடிகாரத்தைச் சுமந்துகொண்டு மூன்று மாடி படியேறி வந்தார். சாப்பாட்டு மேசைக்கும் அலமாரிக்கும் நடுவில், ஏதோ கதவு திறக்கக் காத்திருப்பவர்போல நின்றார். நின்ற இடத்தில் இறங்கத் தொடங்கினார். வாரத்துக்கு இரண்டு இஞ்ச். வலி இல்லை, பசி குறையவில்லை, தூங்கும்போது அலமாரியில் சாய்ந்துகொண்டார். தரை உடையவும் இல்லை, விரிசல் விடவும் இல்லை. ஈரக் களிமண்ணில் ஊன்றிய கம்பைப் போல அவரை உள்ளே வாங்கிக்கொண்டது. இழுத்துப் பார்த்தார்கள், நெம்பிப் பார்த்தார்கள். இழுத்தவர்களின் இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். பார்க்க வந்த கட்டட இன்ஜினியர் டார்ச் அடித்துச் சுற்றிலும் பார்த்துவிட்டு, தோள் வரைக்கும் தளம் தாங்கும், தோள் நழுவினால் இரண்டாம் மாடி, அப்புறம் முதல் மாடி, அப்புறம் மண் என்றார். தோள் வரை இறங்க ஆறு மாதம் இருக்கிறது, மண்ணுக்குள் போய்விட்டால் அது தங்கள் துறை இல்லை என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அவருடைய மனைவி கிட்டார் செய்கிறவள். தெருவில் அவளுக்குத் தட்டுக்காரி என்று பெயர். எதைக் கண்டாலும் விரல் முட்டியால் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்பாள். பலகையைத் தட்டுவாள், கதவைத் தட்டுவாள், கடையில் தர்பூசணியைத் தட்டுவாள், ஒருமுறை வங்கி மேலாளரின் மேசையைத் தட்டிவிட்டு, "நல்ல மரம், பாவம், மேசையாப் போச்சு" என்று சொல்லிவிட்டு வந்தாள். அவள் செய்த கிட்டார்கள் வாசிக்கும்போது பொருட்களைத் தூக்கும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மூடி, கரண்டி, செய்தித்தாள், ஒரு விரல் உயரம், இரண்டு விரல் உயரம். வாங்க வருகிறவர்கள் அதையும் கேட்டுத்தான் வாங்குவார்கள். ஆகவே அவள் அழவில்லை. கணவரைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். "தூக்கிடலாம்" என்றாள்.

"ஊரையே தூக்கினவன் நான். என்னைத் தூக்க ஒரு கிட்டாரா?" என்றார் லிஃப்ட்காரர்.

"வாய் மட்டும் இறங்கலை உங்களுக்கு."

முதல் கிட்டாரை அவள் பெரிதாகச் செய்தாள். அகலத் தோள், இடுப்பே இல்லாத உடம்பு, ஆழமான வயிறு. கனமான மனிதரைத் தூக்கக் கனமான சத்தம் வேண்டும் என்பது கணக்கு. முகப்பலகைக்கு ஸ்ப்ரூஸ் வைத்தாள், ஏனென்றால் அந்த மரம் எவ்வளவு ஓங்கி அடித்தாலும் கலங்காது, சத்தத்தை நேராகத் தூரத்துக்கு அனுப்பும். முதுகுக்கும் விலாவுக்கும் மஹாகனி. விலாப்பலகைகளைச் சூடான குழாயில் அழுத்தி வளைத்து, ஒட்டி, காயவைத்து, கம்பி மாட்ட இரண்டு மாதம் ஆனது. அதற்குள் அவர் முழங்காலைத் தாண்டியிருந்தார். ஒவ்வொரு கிட்டாரையும் சோதிக்க அவள் வாசிப்பது ஒரே மெட்டுத்தான். செய்கிறவர்களுக்கு வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அந்த மெட்டை வாசித்தாள். எதிர்வீட்டு மொட்டைமாடியில் காய்ந்த துணிகள் ஆறு அடி எழும்பின. தெருவில் நின்ற சைக்கிள்கள் எழும்பின, தபால்காரர் எழும்பினார், கம்பியை நிறுத்தியதும் எல்லாம் ஒரே நொடியில் தொப்பென்று விழுந்தன. மஹாகனி அப்படித்தான், சொன்னதைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். தபால்காரர் மூன்று நாள் நொண்டினார். லிஃப்ட்காரரின் தலைமுடிகூட அசையவில்லை.

இரண்டாவதை அதைவிடப் பெரிதாக்கி, முதுகுக்கு ஈட்டி மரம் போட்டாள். ஈட்டியில் சத்தம் சட்டென்று சாகாது, உள்ளே சுற்றிச் சுற்றி மெல்லத்தான் அடங்கும். அது முடிந்தபோது அவர் இடுப்புக்குமேல் மட்டும் மீதி இருந்தார்; கீழே தையல்காரி அவருடைய கால்களுக்கு அளவெடுத்து ஒரு பேன்ட் தைத்து மாட்டியிருந்தாள், வருகிற வாடிக்கையாளர்கள் சங்கடப்படக் கூடாது என்று. சோதித்துப் பார்த்த அன்று தம்பியைப் பார்க்க வந்திருந்த நாத்தனார், முதல் வீச்சிலேயே கூரையில் போய் ஒட்டிக்கொண்டாள். வாசிப்பு நின்றபிறகும் இறங்கவில்லை. மதியம் வரை அங்கேதான் இருந்தாள். ஏணி வைத்து ஏறிச் சாப்பாடு கொடுத்தார்கள்.

"ஏண்டி, நீ யாருக்கு வாசிக்கிறே?" என்று கூரையிலிருந்து கேட்டாள் நாத்தனார், வாயில் சோற்றோடு. "இங்கிருந்து பார்த்தா நல்லாத் தெரியுது. உன் சத்தம் மொத்தமும் ஜன்னல் வழியா தெருவுக்குப் போகுது. என் தம்பி உனக்கு ரெண்டு முழத்துல நிக்கிறான். அவனுக்கு ஏதாவது மிச்சம் வை."

தட்டுக்காரிக்குச் சுருக்கென்றது. நாத்தனார் சொன்னது சரியாக இருந்ததில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சுருக்கென்றது. அன்று சாயங்காலம் கணவர் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். பத்தொன்பது வருடக் குடித்தனத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் தட்டியவள், இவரைத் தட்டிப் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நெஞ்செலும்பில் விரல் முட்டியால் மூன்று தட்டு தட்டிக் காதை வைத்தாள். உள்ளே ஒரு சுரம் இருந்தது. பழைய லிஃப்டின் மோட்டார் ஓடும்போது வரும் அதே சுரம். இருபத்திரண்டு வருடமாக அதற்குள்ளேயே நின்று அவர் அதை வாங்கி வைத்திருந்தார். மிக மெல்லியதாக இருந்தது, அடிபட்ட பிள்ளையைக் கூப்பிடுவதுபோலத்தான் அதைக் கூப்பிட முடியும்.

மூன்றாவது கிட்டாரை அவள் சின்னதாகச் செய்தாள். ஒடுங்கிய தோள், நன்றாக உள்ளே வாங்கிய இடுப்பு, மடியில் வைத்தால் மடியிலேயே இருக்கும் உடம்பு. சின்ன உடம்பில் சத்தம் சிதறாது, எதிரில் இருக்கிறவரிடம் மட்டும் பேசும். முகத்துக்கு சிடார் வைத்தாள். ஓங்கி அடித்தால் அந்த மரம் திணறிப்போகும், ஆனால் விரல் நுனி பட்டாலே பதில் சொல்லும். முதுகுக்கு ஈட்டியையே வைத்துக்கொண்டாள், எழும்பினவர் தொப்பென்று விழக் கூடாது என்பதற்காக. எல்லாம் சரியாகச் செய்தவள் ஒரே ஒரு தப்புச் செய்தாள், அதுவும் தெரிந்தே செய்தாள். முகப்பலகையைத் தட்டினால் வரும் சுரமும் முதுகுப்பலகையைத் தட்டினால் வரும் சுரமும் ஒன்றாக இருக்கக் கூடாது, அரை சுரமாவது தள்ளி இருக்க வேண்டும். ஒன்றாக இருந்தால் ஒன்றை ஒன்று விழுங்கிவிடும், கிட்டார் அந்தச் சுரத்தில் ஊமையாகிவிடும். இதைப் பட்டறைச் சுவரில் அவளே பென்சிலால் எழுதி வைத்திருந்தாள். ஆனால் இது அவருக்காக மட்டும் செய்வது. அவர் சுரத்திலிருந்து எதற்குத் தள்ளி நிற்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. முகம், முதுகு இரண்டையும் அவருடைய சுரத்திலேயே நிறுத்தினாள்.

வாசித்தாள். அவர் சுரத்தைத் தொட்டதும் கிட்டார் அதைக் குடித்துவிட்டது. கூடவே அவரையும் ஒரே இழுப்பில் ஒன்பது இஞ்ச் கீழே இழுத்தது.

"அக்கா! நிறுத்துங்க! இடுப்பே வந்திருச்சு!" என்று கீழிருந்து கத்தினாள் தையல்காரி. கத்திக்கொண்டே வெட்டும் மேசையை அவருக்கு நேர்கீழே இழுத்துப் போட்டு, துணி மூட்டைகளை அடுக்கி அவர் பாதங்களுக்கு முட்டுக் கொடுத்தாள். மேலே அவர் அக்குள்வரை போயிருந்தார். இரண்டு கைகளையும் தரையில் விரித்துக் கிடந்தார். தரை கைகளையும் ஓரத்திலிருந்து மெல்லத் தின்னத் தொடங்கியிருந்தது. இன்னொரு கிட்டாருக்கு நேரம் இல்லை.

தட்டுக்காரி கம்பிகளைத் தளர்த்தினாள். கட்டைவிரல் அளவு இருந்த சின்ன இழைப்புளியை எடுத்துக்கொண்டு, கிட்டாரின் வாய்க்குள் மணிக்கட்டுவரை கையை விட்டாள். முகப்பலகையின் உட்புறம் ஒட்டியிருந்த சட்டங்களைக் கண்ணால் பார்க்க முடியாது, விரலால்தான் பார்க்க வேண்டும். சட்டத்தைச் சீவச் சீவ முகத்தின் சுரம் இறங்கும். அரை சுரம் இறங்க வேண்டும், ஒரு மயிரிழை கூடினாலும் போச்சு. சீவினதைத் திரும்ப ஒட்ட முடியாது. இரண்டு இழுப்பு இழைப்பாள், கையை எடுப்பாள், தட்டுவாள், கேட்பாள்.

"மேலேயா, கீழேயா?" என்றார் லிஃப்ட்காரர், பழக்க தோஷத்தில்.

"முகம் கீழே போகுது. நீங்க பேசாம இருங்க, உங்க சத்தத்துல எனக்குக் கேட்கலை."

"பத்தொன்பது வருஷமா இதேதான் சொல்றே."

"அப்படியும் நீங்க நிறுத்தலையே" என்றாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு சேர்ந்து, இத்தனை வருடம் இரண்டு பேரும் எதிலாவது ஒத்துப்போய் ஒரு நாளாவது ஓட்டியிருக்கிறோமா என்ற நினைப்பும் வந்தது. அரைக் கை தள்ளி நின்று சண்டை போட்டுத்தான் குடித்தனம் நடந்திருக்கிறது, நன்றாகவே நடந்திருக்கிறது. கை தெளிந்தது. பதினொன்றாவது இழுப்பில் ஒரு சுருள் மெல்லிசாக வந்தது. தட்டினாள். முதுகு அவர் சுரத்திலேயே நின்றது, முகம் சரியாக அரை சுரம் தள்ளி நின்று அதைப் பார்த்தது. கம்பிகளை முறுக்கினாள்.

முதல் மீட்டலில் அவர் கைகளைத் தரை விட்டது. இரண்டாவதில் மார்பு வெளியே வந்தது. தளம் அவரை இஞ்ச் இஞ்சாக விட்டுக்கொடுத்தது, கீழே தையல்காரி டேப்பைப் பிடித்துக்கொண்டு, "நாப்பது! முப்பத்தாறு! அக்கா, விடாதீங்க! இருபத்தெட்டு!" என்று எண்ணி எண்ணித் தொண்டை கட்டிப்போனாள். இடுப்பு வந்தது, புது பேன்ட் வந்தது, கடைசியில் தட்டுக்காரி வெட்டிவிட்ட நகங்களோடு பத்து விரல்களும் வந்தன. லிஃப்ட்காரர் நின்ற நிலையிலேயே, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கூரைவரை போனார். அங்கே தன் அக்காவின் கொண்டை பட்டுக் கறையான இடத்தைக் கைக்குட்டையால் துடைத்தார். படிக்கட்டு நிறைய நின்ற கட்டடத்துக்காரர்கள் கைதட்டியதில் சுவர்க் கடிகாரம் ஓடத் தொடங்கியது. பட்டன் லிஃப்ட் வந்த நாளிலிருந்து அது ஓடவே இல்லை.

அதற்குப் பிறகு அந்தக் கட்டடத்துக்கு லிஃப்ட் வந்துவிட்டது. காலை எட்டிலிருந்து பத்து, மாலை ஐந்திலிருந்து ஏழு. தட்டுக்காரி படிக்கட்டின் அடியில் முக்காலி போட்டு உட்கார்ந்து வாசிக்க, அவர் படிகளுக்கு நடுவிலுள்ள வெற்றிடத்தில் எழும்புவார். ஒரு தடவைக்கு நான்கு பேர் அவரைப் பிடித்துக்கொள்ளலாம், மூட்டை இருந்தால் மூன்று பேர். இறங்குவதற்கு உள்ளங்கையால் கம்பிகளை மெல்ல மூடினால் போதும், மிச்சத்தை ஈட்டி பார்த்துக்கொள்ளும். மூன்றாம் மாடித் தரையில் அவர் விட்டுவந்த ஓட்டையை அடைக்கவில்லை, தையல்காரி அதன் வழியாகத் தைத்த துணிகளைக் கம்பில் கோத்து அனுப்புகிறாள். அதே மெட்டை நான்கு மணி நேரம் கேட்க வேண்டியிருக்கிறது என்று முதல் மாடியில் ஒருவர் புகார் எழுதிக் கொடுத்தார். அதைக் கொடுக்க நான்காம் மாடியில் இருந்த கட்டட உரிமையாளரிடம் லிஃப்டில்தான் போனார். மாதத்தில் ஒரு நாள் அவள் கம்பி மாற்றுவாள். அன்றைக்கு எல்லோரும் படியேறுவார்கள், முழங்காலைப் பிடித்துக்கொண்டு, இந்தக் கட்டடத்தில் எதுதான் ஒழுங்காக ஓடுகிறது என்று அலுத்துக்கொண்டு.