விசிலுக்கு முன்னறிவிப்பு

எங்கள் குடும்பத்து ஆண்களுக்குப் பயம் என்பதே கிடையாது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. இரத்த வகையைச் சொல்வதுபோல ஒரு தகவலாகச் சொல்கிறேன். குடகில் வீட்டுக்கு ஒரு பட்டாளத்தான் இருப்பான். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையில் ஏழு பேர். எட்டாவது ஆளான நான், நாணி, மடிக்கேரியில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அது தற்காலிக ஏற்பாடு.

ஏழாவது ஆள் என் அப்பா, சுபேதார் உத்தையா. கார்கிலில் ஒன்பது வாரம் மலைமேல் இருந்தார். திரும்பி வந்தவரிடம் இரண்டு கை, இரண்டு கால், ஒரு பதக்கம் எல்லாம் சரியாக இருந்தன. ஆகவே அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது என் கட்சி.

அவ்வாவும் (எங்கள் பக்கம் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) தேச்சு அக்காவும் எதிர்க்கட்சி. அவர்கள் வீட்டை ரயில் நிலையம்போல நடத்தினார்கள். "ஏங்க, மிக்ஸி போடப் போறேன்" என்று அவ்வா குரல் கொடுத்து, மூன்று எண்ணிவிட்டுத்தான் சுவிட்சைத் தொடுவாள். குக்கர் வைத்தால், "இன்னும் ஒரு விசில் பாக்கி." அப்பாவை எழுப்ப வேண்டுமானால் அக்கா அறை வாசலிலேயே நின்று, "தேச்சு வந்திருக்கேன்பா, கையில காப்பி மட்டும்தான்" என்பாள். ஒருமுறை தோளைத் தொட்டு எழுப்பி, மூன்று வாரம் மணிக்கட்டில் மாவுக்கட்டோடு திரிந்தவள் அவள். கேட்டவர்களிடம் குளியலறையில் வழுக்கிவிட்டது என்றாள். காப்பித் தோட்டத்தில் யானை புகுந்தால் பக்கத்து எஸ்டேட்டில் வெடி போடுவார்கள். போடுவதற்கு முன் அவ்வாவுக்கு போன் வரும். யானைக்கு வராது.

நான் இதை வன்மையாகக் கண்டித்தேன். "பயணிகளின் கவனத்திற்கு, அக்கி ரொட்டி இன்னும் சற்று நேரத்தில் மூன்றாவது நடைமேடைக்கு வந்து சேரும்" என்று மூக்கால் அறிவிப்பேன். கொள்கை அடிப்படையில் கதவை அறைந்து சாத்துவேன். ஒருநாள் அப்படிச் சாத்திவிட்டுத் திரும்பியபோது அப்பா சாப்பாட்டு மேசைக்கு அடியில் இருந்தார்.

"பேனா விழுந்துடுச்சு" என்றார்.

பேனா அவர் சட்டைப்பையில் இருந்தது. இருவருமே அதைப் பார்த்தோம்.

"ஒரு வீரனை நோயாளி ஆக்கிட்டீங்க" என்றேன் அவ்வாவிடம்.

"அவர் ரூம்ல நீ ஒரு ராத்திரி தூங்கிட்டு வா. அப்புறம் பேசு."

செப்டம்பரில் கைல்போது வந்தது, எங்கள் ஊர் ஆயுத பூஜை. அன்றைக்குத் துப்பாக்கிகளைத் துடைத்து, குழல்களில் செங்காந்தள் செருகி, விளக்கின் முன் வைத்துக் கும்பிட்டு, கடம்புட்டும் பன்றிக்கறியும் சாப்பிட்டுவிட்டு, மைதானத்து மரத்தின் உச்சியில் கட்டிய தேங்காயைச் சுட வேண்டும். பன்னிரண்டு வருடமாக அந்த நாளில் மட்டும் அப்பாவுக்கு மைசூரில் பல் வைத்தியம். ஒரு பல்லும் குறைந்ததாகத் தெரியவில்லை. இந்த வருடம் பெரியப்பா உயிரோடு இல்லை. குடும்பத்தில் மூத்த ஆண் அப்பாதான், முதல் குண்டு அவருடையது. போகாவிட்டால் விஷயம் ஊருக்கே தெரிந்துவிடும். போய் ஏதாவது ஆனாலும் தெரிந்துவிடும்.

"மொத்தம் எத்தனை பேர் சுடுறாங்க?" என்று காலையில் அவ்வாவிடம் கேட்டார்.

"பதினெட்டு."

"என் குண்டு எப்ப வெடிக்கும்னு எனக்குத் தெரியும். மிச்சம் பதினேழு?"

"தேச்சு பக்கத்துல நின்னு சொல்லுவா."

அப்பா தலையாட்டினார். கோட்டின் பொத்தான்களை மேலிருந்து கீழாகப் போட்டு, எல்லாவற்றையும் கழற்றி, மறுபடியும் போட்டார். அவருக்கு வர ஆசையாக இருந்தது. அது எனக்கே தெரிந்தது.

மைதானத்தில் அக்கா அவர் தோளருகே போய் நின்றாள். பெரியப்பா மகன் பெள்ளியப்பன் பார்த்துவிட்டான்.

"என்ன தேச்சக்கா, கிரிக்கெட் வர்ணனையா? எங்களுக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க."

நாலு பேர் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

"மானத்த வாங்காதக்கா. தள்ளிப் போ, நான் நிக்கிறேன்."

"அப்ப நீ சொல்லுவியா?"

"அவருக்கு யாரும் ஒண்ணும் சொல்ல வேணாம்."

அக்கா அவ்வாவைப் பார்த்தாள். அவ்வா கூட்டத்தைப் பார்த்தாள். அக்கா தள்ளிப் போனாள்.

அப்பா சுட்டார். தேங்காய் இரண்டாகப் பிளந்து விழுந்தது. மைதானமே கத்தியது. ஒருவன் மரத்திலேறிப் புதுத் தேங்காய் கட்டி இறங்கும்வரை நான் பெள்ளியப்பனை விடவில்லை.

"பாத்தியா? ஒரே குண்டு! நீ தோட்டாவ எந்தப் பக்கம் போடணும்னு மொதல்ல கத்துக்கிட்டு வா. எங்க வீட்டு இரத்தம்டா இது, இதுக்குப் பயம்னா..."

அந்த வாக்கியம் முடியவில்லை. கடுப்பில் பெள்ளியப்பன் சுட்டுவிட்டான்.

அடுத்து நான் சேற்றில் கிடந்தேன், அப்பா என்மேல் கிடந்தார். எழுபத்தெட்டு கிலோ. அவருடைய இரண்டு கைகளும் என் தலையை மூடியிருந்தன.

"தலையத் தூக்காத மாச்சையா" என்றார் என் காதில். "தூக்காத. நான் இருக்கேன்ல. தூக்காத."

எங்கள் உறவில் மாச்சையா என்று யாரும் கிடையாது. அப்பா என்னைக் கட்டிப்பிடித்ததும் அதுவரை கிடையாது. அவருடைய பற்கள் கிடுகிடுவென அடித்துக்கொள்வது கேட்டது. பன்னிரண்டு வருட வைத்தியத்துக்குப் பிறகும்.

யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்தினார்கள். அவர் கைகளின் இடுக்கில் அவ்வாவின் கால்கள் ஓடி வருவதைப் பார்த்தேன். பத்தடி தள்ளி அவை நின்றுவிட்டன. பெள்ளியப்பன் முகம் வெளுத்து நின்றான். இரட்டைக்குழல் துப்பாக்கி, இன்னொரு தோட்டா உள்ளேயே இருந்தது. அதை எடுக்கத் துப்பாக்கியை மடக்க வேண்டும். அவன் கை அங்கே போனது. நான் சேற்றிலிருந்து ஒரு கையை மட்டும் உருவி, நிறுத்து என்று காட்டினேன். நின்றான்.

"அப்பா" என்றேன். வாயில் மண். "நாணி பேசுறேன். உங்க கைக்குக் கீழதான் இருக்கேன். எனக்கு அடி படல. பெள்ளியப்பன் துப்பாக்கிய மடக்கப் போறான். டக்குனு ஒரு சத்தம் வரும். அவ்வளவுதான், வேற ஒண்ணும் இல்ல."

 அப்பாவின் கைகள் தளரவில்லை.

"ஒண்ணு" என்றேன். "ரெண்டு. மூணு."

டக்.

"அது முடிஞ்சுதுப்பா. அடுத்து அவ்வா வர்றாங்க. செருப்புச் சத்தம் கேக்கும்."