வலிக்காது, குடு

1

இந்தக் கதை வீட்டுப்பாடமாகத்தான் தொடங்கியது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜீவனஹள்ளியில் சங்க ஆபீஸ் மாடியில், ஞாயிற்றுக்கிழமை காலையில், எங்களைப் போன்ற கூலிக்காரர்களுக்குத் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லித்தருகிறார்கள். நாற்பத்து மூன்று வயதில் அங்கே போய் உட்கார்ந்து 'அ' போட்டவன் நான். இப்போது ஐம்பத்தொன்று. வகுப்பு எடுக்கும் இளவேனில் டீச்சர் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவர். இரண்டு ஞாயிறுக்கு முன்னால் பலகையில் எழுதிப்போட்டார்: 'நான் வளர்க்கும் பிராணி. ஒரு பக்கம்.'

"இது மூணாங்கிளாஸ் பசங்க எழுதுறது இல்லியா டீச்சர்?" என்றேன்.

"நீங்கதான் மூணாங்கிளாஸ் போகலியே சீனு அண்ணா. இப்போ எழுதுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போது எங்கள் வீட்டில் ஒரு நாய்க்குட்டி இருந்தது. இப்போதும் இருக்கிறது. இதை எழுதும்போது கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டு என் கால் கட்டைவிரலைக் கவ்விக்கொண்டிருக்கிறது. இன்று சாயங்காலம் நாலு மணிக்கு மேல் அது இங்கே இருக்குமா, இருக்காதா என்பதுதான் விஷயம். ஒரு பக்கத்தில் முடியவில்லை.

2

தொடக்கங்கள் பல எழுதினேன். எதையும் கிழிக்கவில்லை. காகிதத்தைக் கிழிக்க எனக்கு இன்னும் மனசு வராது. (ஒரே ஒரு பக்கத்தைத் தவிர. அது கடைசியில்.)

முதல் தொடக்கம்: "ஜல்லி நல்ல குட்டி. அதற்கு நான்கு கால்கள் உண்டு. அது பழுப்பு நிற" —

நாலு கால் என்று எழுதியதும் எனக்கே வெட்கமாகிவிட்டது.

இரண்டாம் தொடக்கம்: "பொம்மசந்திராவில் ஒரு கட்டடத்தில் கலவை போட்டுக்கொண்டிருந்தபோது ஜல்லிக் குவியலுக்குப் பின்னால் கீச்சுக் கீச்சென்று சத்தம் கேட்டது. தாயைக் காணோம். நாலு வாரக் குட்டி. டிபன் பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுவந்தேன். கண்டக்டர் 'பையில் என்ன அசையுது?' என்றார். 'சாப்பாடு சார்' என்றேன்."

இது நன்றாக இருந்தது. ஆனால் இதை எழுதும்போது ரொம்ப சந்தோஷமாக இருந்தேன். அதனால் விட்டுவிட்டேன்.

மூன்றாம் தொடக்கம்: "வியாழக்கிழமை மதியம் நான் குளித்துக்கொண்டிருந்தபோது, வீட்டு ஓனர் மகள் ரக்ஷிதா தானாகவே எங்கள் அறைக்குள் வந்து" —

இந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இது பொய். ஆஸ்பத்திரியில் சொன்ன பொய். முதலில் வாயால் சொன்னேன், பிறகு பென்சிலால் சொல்லப் பார்த்தேன். பென்சில் பாதியில் நின்றுவிட்டது.

3

கதையில் ஒரு கெட்டவன் வேண்டும் என்று நினைத்து ஓனர் முனிகிருஷ்ணனுக்குப் பெரிய மீசை வைத்தேன். [அடித்துவிட்டேன். அவருக்கு மீசையே கிடையாது.] குடிக்கிறவர் என்று எழுதினேன். [அதுவும் இல்லை.] ஒரே காம்பவுண்டில் ஐந்து அறைகள், ஒன்றில் நானும் என் மனைவி வேதநாயகியும் பதினாலு வருஷமாக இருக்கிறோம். அவர் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை.

அந்த வியாழக்கிழமை மகளைத் தூக்கிக்கொண்டு செருப்பில்லாமல் ரோட்டுக்கு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். ஆட்டோவில் அவர் மடியில் மூன்றரை வயசுக் குழந்தை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சதை கிழிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். மறுபடி எந்தெந்த நாளில் வரவேண்டும் என்று சீட்டில் எழுதிக்கொடுத்தார்கள். அங்கிருந்த டாக்டர் இன்னொன்றும் சொன்னார்: நாயைக் கொன்றுவிடாதீர்கள், துரத்திவிடாதீர்கள், பத்து நாள் கட்டிவைத்துப் பாருங்கள், பத்தாம் நாள் அது நன்றாக இருந்தால் குழந்தைக்கு வெறிநோய் பயம் இல்லை.

வெளியே வந்ததும் முனிகிருஷ்ணன் எனக்கும் ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். குடித்துக்கொண்டே சொன்னார்:

"பத்து நாள் அது நல்லா இருக்கணும் சீனு. நம்ம பாப்பாவுக்காக. பதினோராம் நாள் அது இங்க இருக்கக்கூடாது. என்னைத் தப்பா நெனைக்காதே."

தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? இந்த ஆளைக் கெட்டவனாக எழுத என்னால் முடியவில்லை. அப்படியென்றால் கதையில் கெட்டவன் யார் என்று நீங்கள் கேட்பீர்கள்.

* முனிகிருஷ்ணன் நம்மைப் போலவே தமிழ் பேசுவார். ஆனால் படித்தது கன்னடம். தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாது. அந்த தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். இதைக் குறிப்பாக அடியில் எழுதியது ஏன் என்றால், மேலே எழுதக் கூச்சமாக இருந்தது.

4

கையைப் பற்றி எழுதாமல் இதுவரை ஓட்டிவிட்டேன்.

இருபத்தாறு வருஷம் சிமெண்ட் கலவையில் இருந்த கை. உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு; விரல் நுனிகளில் தோல் பலகை மாதிரி. அடுப்பிலிருந்து பாத்திரத்தைத் துணி இல்லாமல் இறக்குவேன். ஆணி குத்தினால் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். பென்சில் பிடித்திருக்கிறேனா என்றுகூடச் சரியாகத் தெரியாது. அதனால் ரொம்ப அழுத்துவேன். நான் எழுதினால் எழுத்து அடுத்த நாலு பக்கத்துக்குப் பள்ளம் போடும். "நோட்டைக் கொத்தாதீங்க அண்ணா, எழுதுங்க" என்பார் டீச்சர்.

எங்கள் வேலையில் இந்தக் கை ஒரு கௌரவம். புதிதாக வருகிறவன் கையில் கல் விழுந்து "ஆ" என்றால் சுற்றி நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். இரண்டு தரம் கத்தியவனை மேஸ்திரி மறுநாள் கூப்பிடமாட்டார். நான் முதல் வாரத்திலேயே வாயை மூடக் கற்றுக்கொண்டேன். அது 'அ' போடக் கற்றதைவிட வேகமாக வந்தது.

ஜல்லிக்கு விளையாட என் கையைக் கொடுத்தேன். தினமும் வேலை விட்டு வந்ததும் ஒரு மணி நேரம். பல் முளைத்த குட்டி. ஊசி ஊசியாகப் பல். கடிக்கும், உதறும், உறுமும். எனக்குச் சுகமாகத்தான் இருந்தது. ஏதோ தடவிக்கொடுப்பது போல. வேதநாயகியை ஒரு தரம் கடித்தது. அவள் போட்ட கூச்சலில் பக்கத்து அறைக்காரர்கள் வந்துவிட்டார்கள். குட்டி வாயை எடுத்துவிட்டு மூலைக்கு ஓடியது. அப்புறம் அவளை அழுத்திக் கடித்ததே இல்லை.

"கத்துய்யா. கத்துனாத்தான் வுடுது பாரு" என்றாள் என்னிடம்.

"எதுக்கு கத்தணும்? வலிச்சாத்தானே?"

"ஆமா, நீ பெரிய சிலை. சிலைக்கு வலிக்குமா?"

நான் இன்னும் கொஞ்சம் உள்ளே விட்டேன் கையை. அவளுக்குக் காட்டுவதற்காக.

5

இப்போது வியாழக்கிழமை.

கான்கிரீட் வண்டி வரவில்லை என்று மதியமே எங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வேதநாயகி அபார்ட்மெண்டில் கூட்டிப்பெருக்கும் வேலைக்குப் போயிருந்தாள். நான் குளிக்கவில்லை. வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன், ஜல்லியின் வாயில் என் கை. ரக்ஷிதா வந்து எதிரே குந்தினாள்.

"கச்சுதா மாமா?" என்றாள். கடிக்குதா என்று அர்த்தம். அவளுக்குக் கன்னடமும் தமிழும் ஒரே பாத்திரத்தில்தான் கிடக்கின்றன.

"கடிக்கல. சும்மா வெளையாடுது. பாரு." கையை ஆட்டிக் காட்டினேன். அவள் சிரித்தாள்.

"நானு?"

"குடு" என்றேன். அவள் யோசித்தாள். குழந்தை யோசித்தது, நான் யோசிக்கவில்லை.

"வலிக்காது, குடு" என்றேன்.

அவள் குடுத்தாள்.

அவள் கத்தியதும் ஜல்லி விட்டுவிட்டது. உடனே விட்டுவிட்டது, அதை நான் பார்த்தேன். ஆனால் பல் அதற்குள் இறங்கியிருந்தது. என் கையை எவ்வளவு அழுத்திக் கடிக்குமோ அவ்வளவுதான் கடித்தது. மனுஷக் கை என்றால் இவ்வளவு அழுத்தலாம் என்று அதற்கு வேறு யார் சொல்லியிருப்பார்கள்?

ஆஸ்பத்திரியில் எல்லோரும் ரக்ஷிதாவிடம் "நாய் என்ன பண்ணுச்சு?" என்றுதான் கேட்டார்கள். "மாமா என்ன சொன்னாரு?" என்று ஒருவரும் கேட்கவில்லை.

6

(இந்தப் பகுதியில் வரும் டாக்டர் கன்னடத்தில்தான் பேசினார். எழுதுகிறவன் நான் என்பதால் தமிழில் பேசுகிறார்.)

மறுநாள் ஜல்லியை மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். சௌம்யா டாக்டர் அதன் வாயைப் பிளந்து பார்த்தார்.

"பால் பல்லு. எல்லாக் குட்டியும் கடிக்கும் யஜமான்ரே. ஒண்ணை ஒண்ணு கடிச்சு வெளையாடும். ரொம்ப அழுத்துனா கடிபட்டது கத்திட்டு ஆட்டத்தை வுட்டுப் போயிடும். அப்படித்தான் எவ்வளவு கடிக்கலாம்னு கத்துக்கும். இதை எப்போ எடுத்தீங்க?"

"நாலு வாரத்துல."

"அப்போ அதுக்கு அண்ணன் தம்பி எல்லாம் நீங்கதான். கடிச்சப்போ நீங்க கத்தலையா?"

"வலிக்கலம்மா."

அவர் என் கையை இழுத்து மேஜைமேல் விரித்தார். ஜல்லி என்னவோ செய்கிறதென்று நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இப்போ?" என்றார்.

"என்ன இப்போ?"

உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினார். பேனாவால் குத்தியிருக்கிறார். நீலமாக ஒரு புள்ளி. அதற்கப்புறம் என்ன செய்யவேண்டும் என்று மட்டும் சொன்னார்: பல் பட்டதும் கத்துங்கள், கையை எடுத்துவிடுங்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போங்கள், கடிக்க ஈரத்துணி கொடுங்கள். தினமும், அலுக்காமல்.

7

கத்துவது சுலபம் என்று நினைக்காதீர்கள். எனக்கு எப்போது வலிக்கவேண்டும் என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் கண்டுபிடிக்கவேண்டும். பல் தோலில் அமுங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்து, அமுங்கியதும் "ஆ". முதல் நாள் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. இரண்டாம் நாள் இருமல் மாதிரி வந்தது.

"தொண்டைல முள்ளா?" என்றாள் வேதநாயகி.

"நாய்க்குப் பாடம் எடுக்கிறேன்."

"இருபது வருஷமா ஒன் வாய்லேர்ந்து ஒரு 'ஆ' கேட்டதில்ல. கிட்னில கல்லு வந்தப்பகூட. இதுக்கு வருது பாரு!" சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நாலாம் நாள் நான் கத்தியதும் ஜல்லி வாயை எடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தது. ஆறாம் நாள் கையை வாயில் வைத்துக்கொண்டது, பல் அமுங்கவில்லை. நேற்று என் விரல்களுக்கு நடுவிலிருந்து பிஸ்கட்டை உதட்டால் எடுத்தது.

கற்றுக்கொண்டுவிட்டது. ஒன்பதே நாளில். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரே ஒரு "ஆ" சொல்லியிருந்தால் போதும்.

பொம்மசந்திராவில் ஒரு குடோன் வாட்ச்மேன் நாய் வேண்டும் என்றார் என்று கேள்விப்பட்டுப் போனேன்.

"கடிக்குமா?" என்றார்.

"முன்னாடி கடிச்சுது சார். இப்போ கடிக்காது, பழக்கிட்டேன்."

"அப்போ எனக்கு எதுக்குய்யா அது?"

8

முடிவுகள். வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அ) கோணிப்பையில் போட்டு ஓசூர் பஸ்ஸில் ஆனேக்கல் தாண்டி இறக்கிவிடுவது. முனிகிருஷ்ணன் சொன்ன வழி. பஸ் கிளம்புகிறது, ஜல்லி பின்னால் ஓடிவருகிறது, நான் திரும்பி — இதை இரண்டு தரம் எழுதினேன். எழுதும்போது அழுகை வந்தது. அழுதுவிட்டுச் சாப்பிடப் போனேன், சாப்பாடு இறங்கியது. அதனால் இந்த முடிவு வேண்டாம் என்று தோன்றுகிறது. ரோட்டு நாய்களுக்கு நடுவில் அழுத்திக் கடிக்கத் தெரியாத ஒரு குட்டி என்ன ஆகும் என்று அந்த இரண்டு தரமும் நான் எழுதவில்லை.

ஆ) உண்மையைச் சொல்வது. "சார், பாப்பாவைக் கையைக் குடுக்கச் சொன்னதே நான்தான்." சொன்னால் அறை போகும். வேதநாயகிக்கு நடந்து போகிற தூரத்தில் வேலை, அதுவும் போகும். சொன்னபிறகும் ஜல்லியை வைத்துக்கொள் என்று அவர் எதற்குச் சொல்லவேண்டும்? மூன்று பேரும் ரோட்டில் நிற்போம். ஆனால் அதன் பேரில் எழுதிய குற்றம் என் பேருக்கு மாறும். நாய்க்கு அது தெரியாது. எனக்குத் தெரியும்.

இ) டீச்சர் சொல்லப்போகும் முடிவு. "நல்லபடியா முடிங்க அண்ணா." ரக்ஷிதா ஜல்லியைத் தடவிக்கொடுக்க, எல்லோரும் மன்னிக்க —

இந்த முடிவை நான் முழுதாக எழுதியிருப்பேன். எட்டாம் நாள் நடந்தது தடுத்துவிட்டது. ரக்ஷிதா கையில் கட்டோடு குழாயடிக்கு வந்தாள். ஜன்னல் கம்பியில் ஜல்லியைக் கட்டியிருந்தேன். "ஜல்லி, பா பா" என்று கன்னடத்தில் கூப்பிட்டுச் சிரித்துக்கொண்டே இரண்டு அடி வைத்தாள். பயமே இல்லை. அப்போது நான் கதவைத் திறந்து வெளியே வந்தேன்.

அவள் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

9

இன்று பத்தாம் நாள். வகுப்புக்குப் போகவில்லை. ஜல்லி நன்றாக இருக்கிறது. காலையில் சோறு தின்றது, தண்ணீர் குடித்தது, என் லுங்கியை இழுத்தது. ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகுமுன் முனிகிருஷ்ணன் வாசலில் நின்று ஒரே கேள்விதான் கேட்பார்: "நாயி நல்லா கீதா?" நான் "கீது சார்" என்பேன். அவர் முகத்தில் ஒரு நாள் குறைந்த நிம்மதி தெரியும். எனக்கும் நிம்மதிதான், அந்தக் குழந்தைக்காக. அது நன்றாக இருக்க இருக்க அது போகும் நேரம் நெருங்குகிறது. வேறு எப்படியும் நான் வேண்டிக்கொள்ள முடியாது.

வேதநாயகி கோணிப்பையை உதறி மடித்துக் கதவோரம் வைத்திருக்கிறாள். "நீ என்னமோ மறைக்கிறே" என்றாள் காலையில். கேள்வியாகக் கேட்கவில்லை.

மணி நாலு. கேட் சத்தம் கேட்கிறது. செருப்புச் சத்தம் இரண்டு: ஒன்று பெரியது, ஒன்று சின்னது. பாப்பாவையும் கூட்டிக்கொண்டு வருகிறார்.

"சீனு, நாயி நல்லா கீதா?"

என் வாய் திறந்திருக்கிறது. ஒரு பதில் எனக்குப் பழக்கமானது. இன்னொன்று "நான்தான்" என்று —

மதியமே முடிவை ஒரு பக்கத்தில் எழுதி, படித்துப் பார்த்து, அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். நான் கிழித்த ஒரே பக்கம் அதுதான். ஆனால் நான் அழுத்தி எழுதுகிறவன். அதற்கு அடுத்த பக்கம் வெறுமையாகத் தெரியும், பள்ளம் இருக்கும். என் காய்த்த விரலால் தடவிப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

உங்கள் கையைக் குடுங்கள். வலிக்காது என்று இந்த முறை நான் சொல்லமாட்டேன்.